ஒரே பெயரில் இரண்டு தகடு

"தம்பி, நேத்து வரைக்கும் நல்லா இருந்த மிஷினு. இன்னைக்குத் தொறந்தா பாதியக் காணோம்."

போனில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். கூட்டேரிப்பட்டில் மிஷின் டிராயிங் போட்டுக் கொடுப்பது என் தொழில். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும்போது, மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்பும் கூட்டு ரோடு என்றால் எல்லோருக்கும் இடம் புரியும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷின் செய்யும் பட்டறைக்காரர்கள் வருவார்கள். அரிசி ஆலைக்கு எலிவேட்டரும் கன்வேயரும் அடிக்கிறவர்கள் வருவார்கள். மயிலம் ரோட்டில் கிழக்கே போனால் புதுச்சேரி எல்லைக்குள் சேதராப்பட்டு. அங்கே தகடு வெட்டி வெல்டிங் செய்யும் யூனிட்டுகளிலிருந்தும் வேலை வரும். ஒரகடம், மறைமலை நகர் பக்கம் டிசைன் வேலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் வார விடுமுறைக்கு வரும்போது பென் டிரைவோடு வந்து உட்காருவார்கள். புதிதாக வரைவதைவிட, வரைந்தது ஏன் காணாமல் போனது என்று தேடிக் கொடுப்பதே சில மாதங்களில் பெரிய வேலையாகிவிடும்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அசெம்பிளி ஃபைலுக்குள் மிஷின் இல்லை. நிலப் பட்டாவுக்குள் நிலமா இருக்கிறது? சர்வே எண், பரப்பு, யார் பேரில் என்பதுதான் அதில் இருக்கிறது. நிலம் ஏரிக்கரை ஓரம் கிடக்கிறது. அசெம்பிளியும் அப்படித்தான். எந்தப் பாகம், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதன் எந்த அளவை எடுக்க வேண்டும், எந்த முகம் எந்த முகத்தோடு ஒட்ட வேண்டும் (அந்த ஒட்டுக்கு மேட் என்று பெயர்) என்ற விவரம்தான் அதற்குள் எழுதியிருக்கும். பாகம் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல். ஒரு மல்லாட்டை மிஷினை எடுத்துக்கொண்டால் மேலே கொட்டுகிற ஹாப்பர், உள்ளே சுழலும் ஷாஃப்ட், அதில் மாட்டிய அடிப்பான்கள், கீழே வளைந்து நிற்கும் சல்லடை, பொட்டை ஊதித் தள்ளும் புளோயர், புல்லி, பேரிங், பிரேம், போல்ட், நட்டு என்று நூறு ஃபைலுக்கு மேல் போய்விடும். திறக்கும்போது அந்த நூறையும் கம்ப்யூட்டர் தேடிப் பிடித்து, எழுதி வைத்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தேடிப் போன இடத்தில் ஆள் இல்லையென்றால், "இந்த ஃபைலைக் காணவில்லை, நீங்களே காட்டுகிறீர்களா?" என்று கேட்கும்.

அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று மென்பொருள் சொல்லும் இடம் அது. எனக்குப் பயம் வேறு இடத்தில். காணாமல் போன பாகத்துக்குப் பதிலாக இன்னொரு பாகம் சத்தம் போடாமல் வந்து நின்றுவிடும்போதுதான் பணம் போகிறது, தகடு வீணாகிறது, அறுவடைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய மிஷின் பட்டறையிலேயே நிற்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

போன் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஃபைல் உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்பது. என்ன காணவில்லை என்பதை அதற்கப்புறம்தான் கேட்பேன். பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஜிப் ஃபைல் வந்திருக்கும். அதைப் பிரிக்காமல், இரண்டு தடவை கிளிக் செய்து உள்ளே பார்த்து, அங்கிருந்தே அசெம்பிளியைத் திறந்திருப்பார்கள். அப்படித் திறந்தால் விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் எடுத்து வைத்துக் கொடுக்கும். மற்ற நூறும் ஜிப்புக்குள்ளேயே கிடக்கும். அசெம்பிளி தன் பக்கத்தில் பார்த்தால் யாரும் இல்லை; எல்லாவற்றையும் காணோம் என்று சொல்லும். "அண்ணே, ஜிப்பு மேல ரைட் கிளிக் பண்ணுங்க. எக்ஸ்ட்ராக்ட் ஆல் குடுங்க. வர்ற ஃபோல்டருக்குள்ள போய்த் திறங்க" என்பேன். ஒரு நிமிஷத்தில் மிஷின் முழுதாக வந்து நிற்கும்.

பிரித்தும் வரவில்லையென்றால் அடுத்தது பெயர். ஒரே ஃபைலை பிரவுசரில் இரண்டு முறை இறக்கினால் இரண்டாவதின் வாலில் அடைப்புக்குள் ஓர் ஒன்று ஒட்டிக்கொள்ளும். மனிதக் கண்ணுக்கு அது அதே ஃபைல். அசெம்பிளிக்கு அது முன்பின் தெரியாத ஆள். விண்டோஸ் ஃபோல்டரில் நேரடியாகப் பெயர் மாற்றுவதும் இதே வினைதான். யாரோ ஒரு பையன் ஒழுங்கு படுத்துகிறேன் என்று 'கவர்' என்றிருந்ததை 'டாப் கவர்' என்று மாற்றியிருப்பான். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த கவரை வைத்திருந்த அசெம்பிளிக்கு அவன் சொல்லவில்லை. பெயர் மாற்ற வேண்டுமென்றால் அசெம்பிளியைத் திறந்து வைத்துக்கொண்டு, நாங்கள் வரையும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸுக்கு உள்ளேயிருந்தே மாற்ற வேண்டும். அப்போதுதான் குறிப்பும் சேர்ந்து மாறும்.

அடுத்து, திரையைப் பார்க்காதே, டிரீயைப் பார் என்பேன். இடப்பக்கம் பாகங்களின் பெயர்கள் அடுக்கியிருக்குமே, அது. கண்ணுக்குத் தெரியாத பாகமெல்லாம் காணாமல் போன பாகமில்லை. ஹைட் செய்து வைத்திருந்தால் பாகம் இருக்கும், எடையிலும் சேரும், கண்ணுக்குத்தான் தெரியாது. டிரீயில் அதன் படம் வெறும் கோடாக நிற்கும். சப்ரெஸ் செய்திருந்தால் படம் சாம்பல் நிறமாகிவிடும். பாகம் நினைவகத்துக்கே ஏறியிருக்காது, அதன் மேட்டுகளும் சேர்ந்து உறங்கும். இறகுக் குறி போட்டிருந்தால் லைட்வெயிட். உருவம் மட்டும் வந்திருக்கிறது, உள்விவரம் தேவைப்படும்போது வரும். இந்த மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் "காணோம்" என்று ஒரே சொல்லில் சொல்லி, பாகத்தைப் புதிதாக ஒருமுறை செருகிவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் மெட்டீரியல் லிஸ்ட்டில் ஒரு புல்லிக்கு இரண்டு புல்லி வரும்.

டிரீயில் பாகம் நன்றாக இருக்கிறது, திரையில் மட்டும் இல்லை என்றால் எஃப் விசையை அழுத்திப் பார்க்கச் சொல்வேன். முழு மிஷினையும் திரைக்குள் அடக்கிக் காட்டும் விசை அது. மிஷின் ஒரு புள்ளியாகச் சுருங்கினால், ஏதோ ஒரு பாகம் மேட் அறுந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய் நிற்கிறது என்று பொருள். இது அபூர்வம்.

இனி தேடும் வரிசை. இதைத் தெரிந்துகொண்டால் மீதிப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை தானாகப் புரியும். சாலிட்வொர்க்ஸ் ஒரு பாகத்தைத் தேடும்போது, அந்த நேரத்தில் ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைல்களைத்தான் முதலில் பார்க்கும். அதே பெயரில் ஒன்று நினைவகத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். இல்லையென்றால், நாம் பட்டியலிட்டுக் கொடுத்த ஃபோல்டர்கள் இருந்தால் அவற்றில் தேடும். பிறகு அசெம்பிளி திறக்கப்பட்ட ஃபோல்டர். பிறகு கடைசியாகச் சேமித்தபோது எழுதி வைத்த பழைய பாதை. எங்கேயும் இல்லையென்றால்தான் நம்மைக் கேட்கும். அதாவது, எழுதி வைத்த முகவரிக்கு அது கடைசியில்தான் போகிறது. பெயரை வைத்துத்தான் முதலில் தேடுகிறது. அதனால் ஒரே நேரத்தில் ஒரே பெயருள்ள இரண்டு வெவ்வேறு ஃபைல்களை அது திறந்து வைத்துக்கொள்ளாது.

ஒரு மல்லாட்டை மிஷின் வேலையில் இது எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். பட்டறைக்காரர் முன்பு ஒரு சிறிய மாடல் செய்து விற்றுக்கொண்டிருந்தார். ஷாஃப்ட் 30 மி.மீ.; இரண்டு பக்கமும் யூ.சி.எஃப். 206 ஃபிளாஞ்ச் பேரிங். பெரிய மாடல் வேண்டும் என்று கேட்டு வந்ததும் அவருக்கு வரைந்துகொடுத்தவர் பழைய ஃபோல்டரையே காப்பி செய்து, ஷாஃப்டை 35 மி.மீ. ஆக்கி, பேரிங்கை யூ.சி.எஃப். 207-க்கு மாற்றி, சைடு பிளேட்டில் ஓட்டைகளையும் திருத்தினார். எல்லோரும் செய்கிற முறைதான். 206-க்கு நான்கு போல்ட் ஓட்டைகளின் இடைவெளி 83 மி.மீ., எம்10 போல்ட். 207-க்கு 92 மி.மீ., எம்12 போல்ட். புதிய பிளேட் சரியாகவே வரைந்திருந்தது. பெயர் மட்டும் இரண்டு ஃபோல்டரிலும் 'சைடு பிளேட்'.

அப்புறம் ஒரு நாள் பழைய மிஷினில் ஹாப்பர் சாய்வு எவ்வளவு என்று பார்க்கப் பழைய அசெம்பிளியைத் திறந்திருக்கிறார்கள். அதை மூடாமலே புதியதையும் திறந்தார்கள். பழைய சைடு பிளேட் ஏற்கெனவே நினைவகத்தில் நின்றது. புதிய அசெம்பிளி சைடு பிளேட்டைக் கூப்பிட்டது. அது வந்து நின்றது. ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும். வேலை அவசரத்தில் ஓகே அழுத்தியிருப்பார்கள். காப்பி செய்து உருவாக்கிய ஃபைல் என்பதால் உள்ளே இருக்கும் அடையாள எண்ணும் ஒன்றுதான். ஓகே கொடுத்த பிறகு, ஆள் மாறிவிட்டது என்று சாலிட்வொர்க்ஸ் சந்தேகப்பட வழியில்லை. பேரிங்கை மாட்டிய மேட் நடு ஓட்டையின் அச்சை வைத்துப் போட்டது. அந்த அச்சு இரண்டு பிளேட்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. பேரிங் நடுவில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. சிவப்புக் குறி ஒன்றுகூட விழவில்லை. தப்பான நான்கு ஓட்டைகளும் ஃபிளாஞ்சுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. அந்த நிலையில் ஒரு சேவ். அதோடு அசெம்பிளிக்குள் இருந்த பாதையே பழைய ஃபோல்டருக்கு மாறிவிட்டது. 

லேசரில் வெட்டித் தகடு வந்தது. ஃபிட்டர் பேரிங்கை வைத்துப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"டிராயிங்குல சரியா இருக்குதுன்றான் தம்பி. தகட்டுல சேரல. லேசர்காரன் தப்பா வெட்டிட்டானா?"

"அவசரப்பட்டு அவரக் கேட்டுடாதீங்கண்ணே. ஃபைலை எனக்கு அனுப்புங்க. ஃபோல்டரோட அனுப்புங்க, ரெண்டு மாடலும் வேணும்."

வந்ததும், அசெம்பிளியைத் திறக்கும் முன்பே அதற்குள் எழுதியிருந்த பாதைகளைப் பார்த்தேன். கடைசியாகச் சேமித்தபோது ஒவ்வொரு பாகமும் எந்தப் பாதையிலிருந்து வந்திருந்தது என்று ஒரு பட்டியல் வரும். பட்டியல் முழுக்கப் புதிய ஃபோல்டரின் பெயர். நடுவில் ஒரு வரி மட்டும் பழைய ஃபோல்டர். சைடு பிளேட். திறந்து அளந்தேன்: 83. புதிய ஃபோல்டரில் யாரும் தொடாமல் கிடந்த சைடு பிளேட்டைத் தனியாகத் திறந்து அளந்தேன்: 92. லேசர் வெட்டியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, கொடுத்ததைத்தான் வெட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் 'ரீப்ளேஸ் கம்போனென்ட்ஸ்' கொடுத்துச் சரியான பிளேட்டை மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பிளேட்டுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். பெயரை அப்படியே விட்டுவிட்டு மாற்றினால், அடுத்த முறை யாராவது பழைய மிஷினைத் திறக்கும்போது இதே கதை திரும்ப நடக்கும். தகடு மறுபடி வெட்டப்பட்டது. அந்தச் செலவைவிட, ஃபிட்டரும் லேசர்காரரும் டிராயிங் போட்டவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்ட அந்த அரை நாள்தான் எனக்கு வருத்தம்.

சல்லடையிலும் இதற்கு ஒரு தங்கை உண்டு. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விவசாயிகள் சொல்லும் மல்லாட்டை ரகங்களில் அந்த டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிப்பதுதான். ரகத்துக்கு ரகம் பருப்பின் பருமன் மாறும். பருமனுக்குத் தக்கபடி சல்லடையின் கம்பி இடைவெளி மாற வேண்டும். தப்பினால் பருப்பு நொறுங்கும், அல்லது உடையாத காய் வெளியே வரும். அதனால் சல்லடைக்குத் தனித்தனி ஃபைல் போடாமல், ஒரே ஃபைலில் 8, 9, 10 மி.மீ. என்று கான்ஃபிகரேஷன்களாக வைப்பது வழக்கம். யாராவது அதில் ஒரு கான்ஃபிகரேஷனை அழித்தாலோ பெயர் மாற்றினாலோ, ஃபைல் காணோம் என்ற கேள்வியே வராது. ஃபைல் இருக்கிறதே! கேட்ட அளவு இல்லை என்று ஒரு குறிப்பு வரும், கடைசியாகச் சேமித்த அளவில் சல்லடை வந்து நிற்கும். 8-க்கும் 9-க்கும் திரையில் யாரால் வித்தியாசம் சொல்ல முடியும்? சல்லடை விஷயத்தில் நான் கண்ணை நம்புவதில்லை. டிரீயில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நிற்கும் அளவைப் படித்துவிட்டுத்தான் டிராயிங்குக்குப் போவேன்.

போல்ட்டுகள் இதற்கு நேர்மாறு. அவை தப்பினால் ஊருக்கே தெரியும். வேறொரு கம்ப்யூட்டரில் செய்த அசெம்பிளியைத் திறப்போம். ஒரு பாகமும் குறைந்திருக்காது. ஆனால் சின்னச் சின்ன எம்8 போல்ட்டெல்லாம் பூதாகாரமாகித் தகடுகளைக் குத்திக்கொண்டு நிற்கும். போல்ட்டுகள் சாலிட்வொர்க்ஸின் டூல்பாக்ஸ் என்ற நூலகத்திலிருந்து வருகின்றன. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அந்த நூலகம் தனி. போல்ட் வகைக்கு ஒரு ஃபைல். அளவுகள் அதற்குள் கான்ஃபிகரேஷன்களாக, பயன்படுத்தப் பயன்படுத்தச் சேர்ந்துகொண்டே போகும். அனுப்பியவர் நூலகத்தில் இருந்த அளவு நம் நூலகத்தில் இல்லையென்றால், அதே பெயருள்ள நம் ஃபைல் தன்னிடம் இருக்கும் வேறு அளவைக் கொடுத்துவிடும். சேவ் செய்யாமல் மூடிவிட்டு, எல்லா ஃபைலையும் ஒன்றாகத் திரட்டும் 'பேக் அண்டு கோ'வை டூல்பாக்ஸ் பாகங்களையும் சேர்த்துப் போட்டு அனுப்பச் சொல்லிக் கேட்பதே நல்லது. நம் நூலகத்துக்குப் பதிலாக அனுப்பியவரின் ஃபோல்டரைப் பார்க்கும்படி செட்டிங்கில் மாற்றியும் திறக்கலாம்.

சேவ் செய்யாமல் மூடுவது பற்றி ஒரு வார்த்தை. காணாமல் போன பாகத்தைத் தேடும்போது பெரும்பாலான சேதம் தேடுகிறவரின் கையாலேயே நடக்கிறது. பாகம் எங்கே என்று தெரியவில்லை என்றால் சப்ரெஸ் ஆகட்டும் என்று விட்டுவிடலாம். டிலீட் மட்டும் செய்யக் கூடாது. சப்ரெஸ் ஆன பாகத்தின் மேட்டுகள் உயிரோடு இருக்கும், ஃபைல் கிடைத்த அன்று பாகம் தன் இடத்தில் வந்து நிற்கும். டிலீட் செய்தால் மேட்டுகளும் போய்விடும். அதே போல், வந்த ஜிப்பைத் தொடாமல் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு அதன் பிரதியில்தான் கைவைக்க வேண்டும். ஆராயும்போது செய்த ஒரு சேவ் பழைய பாதைகளை அழித்துவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்ற தடயமே போய்விடும். பழைய பாதைதான் எனக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. ஈ டிரைவ் என்று இருந்தால் பென் டிரைவில் வைத்து வேலை செய்திருக்கிறார்; டவுன்லோட்ஸ் என்று இருந்தால் யாரோ அனுப்பியதை அங்கேயே வைத்துச் செருகியிருக்கிறார்; டெஸ்க்டாப் என்று இருந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இது சாலிட்வொர்க்ஸுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 1980களின் இறுதியில் புரோ-எஞ்சினியர் வந்த காலத்திலிருந்தே பாகம் வேறு, அசெம்பிளி வேறு என்ற இந்த அமைப்பு இருக்கிறது. அதன் வழிவந்த கிரியோவில் வேலைக்கு உட்கார்ந்ததும் முதலில் 'ஒர்க்கிங் டைரக்டரி' எது என்று காட்ட வேண்டும். மறந்தால் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் பாகத்தைக்கூடத் தெரியாது என்று சொல்லிவிடும். ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் ஐ.பி.ஜே. என்று ஒரு புராஜெக்ட் ஃபைல்; அதில் சொன்ன எல்லைக்குள்தான் தேடும். என்.எக்ஸில் திறக்கும் முன்பே, சேமித்த பாதையில் தேடவா, இந்த ஃபோல்டரில் தேடவா என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 ஆக வந்தபோது அசெம்பிளி வசதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதிலும் வேறு ஃபைலில் இருக்கும் பாகத்தைக் கொண்டுவந்தால் இணைப்பு இதே மாதிரிதான், அறுந்தால் இதே மாதிரிதான். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. லைசென்ஸ் வாங்க வசதியில்லாத பையன்களிடம் ஃப்ரீகேட் கற்றுக்கொள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

மிகப் பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ380 விமானத்தை ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பில் வரைந்தார்கள். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் ஐந்தாம் பதிப்பு. ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கி.மீ. மின்கம்பி. உடல் அமைப்பில் செய்த மாற்றங்கள் ஒரு பக்கத்து மாடலிலிருந்து மறுபக்கத்து மாடலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஹாம்பர்க்கில் கட்டிய கம்பிக் கற்றைகள் துலூஸில் விமானத்துக்குள் இழுத்தபோது நீளம் போதவில்லை. 2006 ஜூனில் தாமதத்தை அறிவித்ததும் தாய் நிறுவனமான ஈ.ஏ.டி.எஸ். பங்கு விலை ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தது. அங்கே கம்பி, இங்கே பேரிங் ஓட்டை. திரையில் எல்லாம் பொருந்தியிருந்தது, கையில் எடுத்தபோது பொருந்தவில்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

வெளியூருக்குப் பாகம் அனுப்பும்போது பலர் ஸ்டெப் ஃபைலாக அனுப்புவார்கள். ஐ.எஸ்.ஓ. 10303 என்ற தரநிலை, 1994-லிருந்து இருக்கிறது, பெரும்பாலான டிசைன் மென்பொருள்களில் திறக்கும். எல்லாப் பாகமும் ஒரே ஃபைலுக்குள் உருவமாகவே போய்விடுவதால் பாதை அறுகிற பேச்சு இல்லை. ஆனால் அதிலும் பாகம் குறைகிறது என்று புகார் வரும். அப்போது நான் முதலில் மாடலைத் திறப்பதில்லை, நோட்பேடில் திறக்கிறேன். ஸ்டெப் ஃபைல் வெறும் எழுத்து. 'புராடக்ட்' என்ற சொல்லைத் தேடினால் உள்ளே போன பாகங்களின் பெயர்கள் வரிசையாக வரும். பெயர் அங்கே இல்லையென்றால் அனுப்பியவர் பக்கமே விட்டுப்போயிருக்கிறது: சப்ரெஸ் செய்து வைத்திருந்திருப்பார், அல்லது ஹைட் ஆன பாகங்களைச் சேர்க்கவா என்று கேட்டபோது வேண்டாம் என்றிருப்பார். பெயர் இருந்தும் திரையில் இல்லையென்றால் நம் பக்கத்துக் கோளாறு. பெரும்பாலும் அந்தப் பாகம் திண்மமான உடலாக இல்லாமல் வெறும் மேற்பரப்பாக வந்திருக்கும், இறக்குமதி செட்டிங்கில் மேற்பரப்பை விட்டுவிடு என்றிருக்கும். யார் பக்கம் தவறு என்று சண்டை போடுவதற்குள் இரண்டு நிமிஷத்தில் பதில் தெரிந்துவிடும். இந்த ஒரு வித்தையை என்னிடம் வரும் எல்லாப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

அவர்களைப் பார்க்கும்போது ஆதங்கம் வருகிறது. எக்ஸ்ட்ரூட் தெரியும், ரிவால்வ் தெரியும், மேட் நன்றாகப் போடத் தெரியும். பயிற்சிப் புத்தகத்தில் உள்ள மாடலைப் பார்க்காமலே வரைவார்கள். ஆனால் பயிற்சி முழுக்க ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ஃபோல்டரில், பார்ட்1, பார்ட்2 என்று மென்பொருள் தானாக வைத்த பெயரிலேயே நடந்திருக்கிறது. பாகம் இன்னொருவருக்குப் போகும், இன்னொருவரிடமிருந்து வரும் என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பத்துப் பேர் பத்து பார்ட்1 வைத்திருக்கும்போதுதான் தெரிகிறது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி மென்பொருள் இருக்கிறது; ஒவ்வொரு ஃபைலுக்கும் எண் கொடுத்து, யார் எடுத்தார், எந்தத் திருத்தம் என்று கணக்கு வைத்துவிடும். நம் பட்டறைகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பெயர் வைக்கிற ஒழுக்கத்துக்குச் செலவே இல்லை. பாலிடெக்னிக்கிலும் பயிற்சி மையங்களிலும் ஒரே ஒரு வகுப்பு, ஒரு பையன் செய்த அசெம்பிளியை இன்னொரு பையன் கம்ப்யூட்டரில் முழுதாகத் திறந்து காட்டச் செய்யும் வகுப்பு, வைத்தால் போதும். இந்த வட்டாரத்தில் பாதிப் பட்டறைகளின் நஷ்டம் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் இடத்தில் ஃபைல் பெயரில் 'சைடு பிளேட்' போன்ற சொற்கள் வராது. வேலை எண், அதற்குள் சப்-அசெம்பிளி எண், அதற்குள் வரிசை எண். 24-03-012 என்றால் இருபத்து நான்காவது வேலையின் மூன்றாவது சப்-அசெம்பிளியில் பன்னிரண்டாவது பாகம். வேறு எங்கேயும் அந்த எண் இல்லை. சைடு பிளேட், 6 மி.மீ., எம்.எஸ். என்ற விவரமெல்லாம் ஃபைலுக்குள் இருக்கும் பிராப்பர்ட்டியில் இருக்கும். டிராயிங்கில் அதுவே தானாக வந்து விழும். பழைய மாடலிலிருந்து புது மாடல் செய்ய வேண்டுமென்றால் விண்டோஸில் காப்பி-பேஸ்ட் கிடையாது. பேக் அண்டு கோவில் எல்லாப் பெயரின் முன்னாலும் புது வேலை எண்ணைப் போட்டுத்தான் பிரதி எடுப்போம். கடையில் வாங்கும் பேரிங், மோட்டார், புல்லி எல்லாம் ஒரே ஃபோல்டரில், கம்பெனியின் மாடல் எண்ணே பெயராக இருக்கும். அதற்குள் யாரும் திருத்தம் செய்யக் கூடாது.

பட்டறைக்காரர்களுக்கு முதலில் இந்த எண் பிடிக்கவில்லை. "பேரு வெச்சா எங்களுக்குப் புரியும், நம்பர வெச்சிக்கிட்டு என்னா பண்றது?" என்றார்கள். அது நியாயமான கேள்விதான். அதனால் லேசருக்குப் போகும் ஃபைலில் ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் அந்த எண்ணைச் சின்னதாகப் பொறிக்கும்படி ஒரு கோட்டெழுத்து சேர்த்தோம். வெட்டும்போதே லேசர் அதைத் தகட்டின் மேல் கீறிவிடும். பெயின்ட் அடிக்கும் வரை அழியாது. இப்போது ஃபிட்டரே நேராகப் போன் போடுகிறார்.

"தம்பி, இருபத்து நாலு, மூணு, பன்னெண்டு. இதுல பேரிங் ஓட்டை எவ்ளோ இருக்கணும்?"

"தொண்ணூத்து ரெண்டுண்ணே."

"இங்கயும் அதான் இருக்குது. பதிமூணு எந்தப் பக்கம் வரும்?"

"புளோயர் பக்கம்."